67 மி.மீ. கூலரா, 53 போதுமா? சின்ன கேஸில் மிச்சமிருக்கும் 3 மில்லிமீட்டர் பற்றி ஒரு சண்டை

குறுபெட்டி:
கேஸ் ஃப்ராக்டல் டெர்ரா. சிபியு ரைசன் 7 7800எக்ஸ்3டி. ஏஎம்5 சாக்கெட் உள்ள மினி-ஐடிஎக்ஸ் (சிறிய அளவு) போர்டு, ரேம் ஜி.ஸ்கில் டிரைடென்ட் இசட்5 ஆர்ஜிபி. கிராபிக்ஸ் கார்டின் தடிமன் 50 மி.மீ. டெர்ராவில் போர்டையும் கார்டையும் பிரிக்கும் நடுத்தண்டை நகர்த்தினால் கூலருக்கு 48 முதல் 77 மி.மீ. வரை கிடைக்கும். அந்தப் பக்கம் கூடக் கூட கார்டு பக்கம் 72-லிருந்து 43 வரை குறையும். இரண்டும் சேர்ந்து 120. அப்படியென்றால் கூலருக்கு 70 வருகிறது.

பட்டியலில் மூன்று: தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67, அதே கம்பெனியின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்53, நாக்டுவா என்எச்-எல்12எஸ். வேலை கேமிங் மட்டும்தான். எதை எடுக்கலாம்?

செம்புக்குழாய்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? எக்ஸ்67. ஆறு ஹீட்பைப் (சூட்டைக் கடத்துற செம்புக் குழாய்), 120 மி.மீ. ஃபேன். எக்ஸ்53-ல நாலு பைப், 92 மி.மீ. ஃபேன். 120 ஃபேன் 1000 ஆர்பிஎம்-ல தள்ற காத்தைத் தள்ளணும்னா 92 ஃபேன் ரெண்டு மடங்கு வேகத்துல கதறணும். சின்ன கேஸுக்கு ஒரே விதி: இருக்குற இடத்தை எல்லாம் உலோகத்தால நிரப்பு. 70 இருக்கு, 67 போடுங்க, முடிஞ்சுது.

சத்தமே எதிரி:
முடியவில்லை நண்பரே, அங்கேதான் தொடங்குகிறது. 70-ல் 67 போனால் ஃபேனுக்கும் சைடு பேனலுக்கும் நடுவில் 3 மி.மீ. ஃபேன் உறிஞ்சும் பக்கத்தில் அவ்வளவு நெருக்கமாகத் துளைத் தகடு இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் துளைகளைக் கடக்கும்போது காற்றை வெட்டும். வழக்கமான ‘உஸ்’ என்ற சத்தம் போய், கொசு காதோரம் சுற்றுவது போல ஒரு ஒற்றை ஸ்ருதி எழும். வேகத்தைக் குறைத்தாலும் அது முழுதாக அடங்காது, ஸ்ருதியும் இறங்கும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும் என்ற கணக்கெல்லாம் திறந்த மேசையில் எடுத்தது.

எக்ஸ்53-க்கு என் ஓட்டு. அதில் ஹீட்ஸிங்க் 38, ஃபேன் 15. அந்த 15 மி.மீ. ஃபேனைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. தடிமனுள்ள 92 ஃபேனைப் போட்டால் மொத்தம் 63, பேனலுக்கு 7 மி.மீ. இடைவெளி. நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் தடித்த ஃபேனில் கூடுதல். கூலரோடு வரும் கம்பிக் கிளிப் மெல்லிய ஃபேனுக்கானது. அது 25 மி.மீ. ஃபேனின் கீழ் விளிம்பைப் பிடிக்கிறதா என்று முதலில் வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நான்கு மூலையிலும் ஜிப் டை.

செம்புக்குழாய்:
ஜிப் டை கட்டித்தான் கூலர் மாட்டணும்னா அதுக்குப் பேரு கூலரா, கதம்பமா? 3 மி.மீ. பிரச்சினைன்னா நடுத்தண்டை ஒரு படி தள்ளினாப் போச்சு.

சத்தமே எதிரி:
தள்ளுங்கள். கார்டுக்கு 50-க்கும் கீழே போகும், கார்டு உள்ளேயே நுழையாது. சொல்லப்போனால் 50 மி.மீ. கார்டை 50 மி.மீ. இடத்தில் அடைப்பதே தப்பு. கார்டின் ஃபேன்களும் பேனல் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. அந்தப் பக்கம் 4, 5 மி.மீ. விட்டால் கூலருக்கு 65-தான் மிச்சம். உங்கள் எக்ஸ்67 அங்கேயே போச்சு. 70 மி.மீ. உள்ள எல்12எஸ்-உம் கூடவே போச்சு. என்னுடைய 63-க்கு அப்போதும் 2 மி.மீ. இருக்கிறது.

செம்புக்குழாய்:
3 மி.மீ.ன்னா கொசு கத்தும், 2 மி.மீ.ன்னா கத்தாதா?

சத்தமே எதிரி:
சரி, மாட்டிக்கொண்டேன். கார்டுக்கு இடம் விட்டால் 25 மி.மீ. ஃபேன் வேண்டாம், அசல் 15-ஓடு 53-லேயே நிறுத்துங்கள். 12 மி.மீ. இடைவெளி.

வாட் கணக்கு:
இருவரும் மில்லிமீட்டரிலேயே நிற்கிறீர்கள். 7800எக்ஸ்3டி-யின் டிடிபி (கூலரைத் தேர்வு செய்யத் தரும் வெப்ப எண்) 120 வாட் என்று எழுதியிருக்கும், சாக்கெட்டுக்குள் அனுமதிக்கப்படும் மின்சக்தி உச்சவரம்பான பிபிடி 162 வாட். இந்தச் சிப் அந்த 162-இன் பக்கத்தில் கூடப் போகாது. கேமில் பெரும்பாலும் 50 முதல் 70 வாட்டுக்குள். சினிபெஞ்ச் சோதனை போல எல்லாக் கோர்களையும் முறுக்கினாலும் 90-ஐ ஒட்டி நின்றுவிடும். 53 மி.மீ. கூலருக்கு இது பெரிய சுமையே இல்லை.

ஆனாலும் வெப்பமானி 80-ஐத் தாண்டிக் காட்டும். காரணம் வேறு. 7000 வரிசை எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷ் (சிப்பிலேயே இருக்கும் வேக நினைவகம்), கோர்கள் உள்ள சில்லின் மேல் அடுக்கப்பட்டிருக்கிறது. கோரின் சூடு அந்த மேலடுக்கையும் தாண்டி, அதன் மேலிருக்கும் தடித்த மூடியையும் தாண்டித்தான் கூலருக்கு வரவேண்டும். நெரிசல் கூலருக்கு முன்பே இருப்பதால் கூலரைப் பெரிதாக்கினால் கிடைப்பது சில டிகிரிதான். இதன் உச்ச வரம்பு 89 டிகிரி. கேமில் 75, 80 என்று பார்த்துவிட்டு “கூலர் போதவில்லை” என்பது அவசரத் தீர்ப்பு.

9800எக்ஸ்3டி என்றால் இந்தப் பேச்சே வேறு. கேஷ் கோர்களுக்கு அடியில் போய்விட்டது, வரம்பு 95 டிகிரி, முறுக்கினால் 120 வாட்டையும் தாண்டும். அங்கே செம்புக்குழாய் சொல்வதில் நியாயம் உண்டு.

குறுபெட்டி:
அப்படியென்றால் பயாஸில் 65 வாட் ஈகோ மோட் (மின்சக்தியைக் குறைக்கும் அமைப்பு) போட்டுவிட்டு நாக்டுவா எல்9ஏ-ஏஎம்5 கூலர் போதும் என்கிறீர்களா? அது 37 மி.மீ.தானே.

வாட் கணக்கு:
இல்லை. 65 வாட் ஈகோ மோட் என்றால் பிபிடி 88 வாட். இந்தச் சிப் கேமில் 88-ஐத் தொடவே தொடாதபோது அந்தப் பூட்டு எதைப் பூட்டும்? 9800எக்ஸ்3டி-யிலும் 7600எக்ஸ்-இலும் ஈகோ மோட் உடனே தெரியும். 7800எக்ஸ்3டி-யில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. இங்கே வேலை செய்வது கர்வ் ஆப்டிமைசர், அதாவது கோர்களின் வோல்ட்டேஜை இறக்கும் பயாஸ் அமைப்பு. பயாஸில் பிபிஓ (வேக ஊக்க அமைப்பு) என்பதை அட்வான்ஸ்டில் வைத்து, எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ், அளவு 15-இல் தொடங்குங்கள். நிலையாக இருந்தால் 20, பிறகு 25. வோல்ட்டேஜ் இறங்கும், வேகம் குறையாது.

இதில் விழுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். -30 போட்டு, சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓட்டி, “நிற்கிறது” என்று முடிவு கட்டுவார்கள். கர்வ் ஆப்டிமைசர் உடைவது முழுச் சுமையில் அல்ல. ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில், பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் மென்பொருள் கொண்டு ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள், இரவு முழுக்க ஓடட்டும். தோற்கும் கோருக்கு மட்டும் அளவை 5 குறைத்தால் போதும், -25 என்றால் -20.

37 மி.மீ. கூலர் வேலை செய்யும், ஆனால் ஃபேன் 14 மி.மீ., அடியில் 23 மி.மீ. உலோகம்தான். உங்களிடம் இடம் இருக்கும்போது அதற்கு இறங்க வேண்டியதில்லை.

செம்புக்குழாய்:
வோல்ட்டேஜ் கதை சரி, ஒத்துக்கிறேன். ஆனா பெட்டில போட்டிருக்குற வாட் கணக்கை மட்டும் வெச்சு யாரும் கூலர் வாங்காதீங்க. “இத்தனை வாட் தாங்கும்”னு போடுறதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. நாக்டுவா டிடிபி எண்ணையே விட்டுட்டு என்எஸ்பிஆர்னு தனக்குள்ள ஒரு மதிப்பெண் வெச்சிருக்கு. அது அவங்க கூலர்களை ஒண்ணோடொண்ணு ஒப்பிட மட்டும்தான்.

சத்தமே எதிரி:
ரேமை யாருமே கவனிக்கவில்லையா? டிரைடென்ட் இசட்5 ஆர்ஜிபி 44 மி.மீ. உயரம். ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் ஸ்லாட் சாக்கெட்டை ஒட்டியே இருக்கும், 120 மி.மீ. கூலரின் தகடுகள் அதன் தலைமேல் வந்து நிற்கும். 67-இலிருந்து ஃபேனைக் கழித்து, தகடுக் கட்டைக் கழித்து, மிச்சத்தை 44-ஓடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். கூலரின் உயரம் சிபியு மூடியின் மேற்பரப்பிலிருந்து கணக்கு. ரேமின் 44 அதன் அடி விளிம்பிலிருந்து, அதில் கொஞ்சம் ஸ்லாட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டும் ஒரே தரையில் நிற்கவில்லை. எந்த 120 கூலர் எடுத்தாலும் ஃப்ளேர் எக்ஸ்5 போல 33 மி.மீ. ரேமுக்கு மாறினால் தலைவலி தீரும்.

செம்புக்குழாய்:
அதோட இன்னொரு பக்கம் ஐஓ மூடி (பின்பக்க போர்ட்டுகள் மேல இருக்குற மூடி), விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்குற பகுதி) ஹீட்ஸிங்க். சில போர்டுல எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட்டு மேல ரெண்டடுக்குக் கோபுரமே கட்டி வெச்சிருப்பாங்க. கூலரோட படத்தை வெச்சு முடிவெடுக்காம, கூலர் கம்பெனி போடுற போர்டு பட்டியலைப் பாருங்க. இல்லேன்னா அட்டையை 120க்கு 120 வெட்டி, கூலர் பேஸ் எந்தப் பக்கம் நகர்ந்திருக்குன்னு பார்த்து அதே மாதிரி சாக்கெட் மேல பிடிச்சுப் பாருங்க, எங்க இடிக்கும்னு தெரிஞ்சிடும்.

தலைகீழ் காற்று:
ஃபேனைத் திருப்பி மாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லையே? சூடான காற்றை நேராகப் பேனல் வழியாக வெளியே தள்ளலாம். கீழே ஊதினால் அதே சூடு கேஸுக்குள்ளேயே சுற்றும்.

வாட் கணக்கு:
திருப்பினால் கூலர் உள்ளிழுப்பது கேஸுக்குள் இருக்கும் காற்றை, அதில் கார்டின் சூடும் கலந்திருக்கும். 60 வாட் சிபியுவுக்கு 250 வாட் கார்டின் மூச்சைக் கொடுக்கிறீர்கள். விஆர்எம், ரேம், கூலருக்கு அடியில் இருக்கும் எம்.2 மூன்றுக்கும் கிடைத்துக்கொண்டிருந்த காற்றோட்டமும் போய்விடும்.

தலைகீழ் காற்று:
டெர்ரா போன்ற சாண்ட்விச் கேஸில் கார்டு நடுத்தண்டுக்கு அந்தப் பக்கம். அதன் சூட்டில் பெரும்பகுதி அங்கேயே மேலே போய்விடும். சிபியு பக்கம் கலப்பது நீங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

வாட் கணக்கு:
அளந்து பார்த்துவிடலாம். ஒரே கேம், ஃப்ரேம் வேகத்தைப் பூட்டி, 30 நிமிடம். ஐந்து நிமிட எண் எதற்கும் உதவாது, கேஸின் உலோகம் சூடேறவே கால் மணி நேரம் ஆகும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிபியு, விஆர்எம், எஸ்எஸ்டி, ஃபேன் வேகம், சிபியு வாட் ஐந்தையும் குறியுங்கள். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். சிபியு 2 டிகிரி குறைந்து எஸ்எஸ்டி 10 ஏறினால் அது லாபமில்லை.

சத்தமே எதிரி:
கீழே ஊதுகிற அமைப்பில் சூடு சுற்றுவதற்கும் காரணம் உண்டு, மருந்தும் உண்டு. நான் சொன்ன 12 மி.மீ. இடைவெளியை அப்படியே விட்டால், ஃபேன் வெளிக்காற்றை எடுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் கிடக்கும் சூட்டையே திரும்ப உறிஞ்சும். ஃபேன் சட்டத்தின் மேல் விளிம்பில் நாலு பக்கமும் இடைவெளியை விடச் சற்றே தடித்த ஃபோம் டேப்பை ஒட்டி, பேனலைத் தொடும்படி வையுங்கள். லேசாக அமுங்கினால் போதும். இறக்கைக்கும் தகடுக்கும் நடுவில் தூரம் அப்படியே இருக்கும், ஓரக் கசிவு நிற்கும். 3 மி.மீ. இடைவெளியில் இந்த வித்தை செல்லாது.

செம்புக்குழாய்:
இது நல்ல யோசனைதான். என்ன, எல்12எஸ்-ல இந்தக் கொசுப் பிரச்சினையே வராது. 70 மி.மீ. அமைப்புல அதோட 15 மி.மீ. ஃபேன் தகடுக்கு அடியில இருக்கும், பேனலை ஒட்டி நிக்கிறது தகடுதான். கார்டு மெலிசா இருந்தா அதைத்தான் சொல்வேன்.

குறுபெட்டி:
ரேம் ஏற்கெனவே வாங்கியாச்சு. அதனால் எக்ஸ்53. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் பேஸ்டா, பிடிஎம்7950 ஷீட்டா? மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

சத்தமே எதிரி:
ஷீட். சாண்ட்விச் கேஸில் கூலரைக் கழற்றுவது என்றால் போர்டையே வெளியே எடுப்பது, அதனால் மறுபடி தொட வேண்டாத பொருள்தான் நல்லது. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள், குளிர்ந்தால்தான் ஃபிலிம் சுத்தமாக உரியும். சூட்டில் வைத்து உரித்தால் ஷீட் ஃபிலிமோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டு பக்கமும் ஃபிலிம் உண்டு, இரண்டாவதை மறக்காதீர்கள். 45 டிகிரியில்தான் அது இளகத் தொடங்கும். முதல் நாள் எண்ணைப் பார்த்துத் திட்டாமல், சில தடவை சூடேறி ஆறிய பிறகு அளந்து பாருங்கள்.

செம்புக்குழாய்:
ஏஎம்5-ல ரெண்டு பக்கமும் இருக்குற பிளாஸ்டிக் பிடிகளை மட்டும் கழட்டுங்க, நாலு ஸ்க்ரூ. பின்பலகை சாக்கெட்டோட சேர்ந்தது, அது அங்கேயே இருக்கும். ஸ்க்ரூவைக் குறுக்காக, ஒவ்வொண்ணும் ரெண்டு சுத்து, ரெண்டு சுத்தா முறுக்குங்க. கேஸுக்குள்ள போறதுக்கு முன்னாடியே 8-பின் சிபியு வயரையும் ஃபேன் வயரையும் சொருகிடுங்க. அப்புறம் விரல் போகாது.

வாட் கணக்கு:
ஃபேன் வளைவை (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற கோட்டை) 70 டிகிரி வரை தட்டையாக வையுங்கள். ரைசனில் ஒரு கிளிக்குக்கே வெப்பம் பத்து டிகிரி தாவி இறங்கும். அதை ஃபேன் துரத்தினால் மூச்சுவாங்குவது போல ஏறி இறங்கும். ஃபேன் வேகமேறத் தாமதிக்கும் ஸ்டெப்-அப் நேரத்தை 3 முதல் 5 நொடி வைத்தால் அந்தத் தாவலை அது கண்டுகொள்ளாது.

குறுபெட்டி:
கூலருக்கு 65 விட்டு, 53 போட்டு, ஃபோம். ஃபோம் ஒட்டியும் சத்தம் வந்தால்?

சத்தமே எதிரி:
கேம் ஓடும்போதே அந்தப் பக்கப் பேனலை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பிடியுங்கள். சத்தம் அந்த நொடியே அடங்கினால் கோளாறு இடைவெளியில். மாறாமல் இருந்தால் ஃபேன் வளைவைப் பாருங்கள். அதே சமயம் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பமும் சட்டென்று இறங்கினால், ஃபோம் எங்கோ பேனலைத் தொடாமல் நிற்கிறது.