சென்னைக்குக் குடிபோகும் முன்: நம்ம ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து

தம்பிக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகவே போய்விடலாம் என்று இருக்கிறோம். இதுவரை கல்யாணம், ஆஸ்பத்திரி என்று சென்னைக்குப் போய் வந்ததோடு சரி. அங்கே குடியிருப்பவர்கள், இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் சொல்லுங்கள்: வீடு பார்க்கும் முன் எதை விசாரிக்க வேண்டும்?

பாளையங்கோட்டை (மடிப்பாக்கத்தில் குடியிருந்தவர்)

வாடகையை அப்புறம் கேளுங்கள். முதலில் தண்ணீரைக் கேளுங்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த நமக்கு இது எளிதில் மண்டையில் ஏறாது.

2019 கோடையில் நான் அங்கே இருந்தேன். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் நின்றுபோனது. லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டு, ராத்திரி எந்நேரம் வருமோ என்று முழித்துக் கிடப்போம். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் நடுராத்திரியில் குடத்தோடு நின்றதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்காரர் சொல்வதோடு நிற்காதீர்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா, போர்வெல் மட்டும்தானா, சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி) எவ்வளவு பெரியது, லாரி வாங்கினால் காசு யார் கொடுப்பது, இவ்வளவையும் கேட்டுவிட்டுக் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரில்தான் அம்மா தலைக்கு ஊற்ற வேண்டும். அப்புறம் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் பேச்சுக் கொடுங்கள். உள்ளதை அவர்கள்தான் சொல்வார்கள். சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. வாடகை குறைவாக இருந்து மெயின்டனன்ஸ் அதிகமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மழையையும் அதே ஆட்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை ஏறியது என்று. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் ஒரு தெரு முங்கியிருக்கும், அடுத்த தெரு தப்பியிருக்கும். அந்தப் புயல் போன இரண்டே வாரத்தில் நம்ம திருநெல்வேலிப் பக்கமும் மூழ்கியது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. வெள்ளம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவால் படியேற முடிந்தால் முதல் மாடி பாருங்கள். முடியாவிட்டால் மேட்டுத்தெருவாகத் தேடுங்கள்.

தென்காசி (தாம்பரத்தில் வேலை பார்ப்பவர்)

அண்ணாச்சி தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அங்கே ரொம்பக் காலப் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அதனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே ஒரு விலை வைத்தால், அரசு தருகிற 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டரா என்று கேளுங்கள்.

குடியேறிய அன்றே சுவர், குழாய், மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸாப்பில் அனுப்பினேன். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கப் பார்த்தார். படத்தைக் காட்டினேன். பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று. ஒரு வீட்டில் ஊர் திருநெல்வேலி பக்கம் என்றதும் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். நல்ல காற்றோட்டமான வீடு. விட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. உங்களிடம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தனியாகப் போகிற பெண்களுக்கு: தாம்பரம், கூடுவாஞ்சேரியில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. முதலில் அங்கே தங்கிக்கொண்டு நிதானமாக வீடு தேடலாம்.

வள்ளியூர்

ஆற்றங்கரைக்காரர்களுக்கு அண்ணாச்சி சொன்னது சரி. எங்கள் ராதாபுரம் பக்கம் குடத்தோடு நின்றே வளர்ந்தோம், அதனால் சென்னை எங்களைப் பெரிதாக மிரட்டவில்லை. என்னைப் படுத்தியது போக்குவரத்துதான். சிறுசேரி வேலைக்கு எங்கேயோ வாடகை குறைவென்று வடசென்னையில் வீடு பிடிக்காதீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது, பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

ஊரிலிருந்து வரும் அரசு பஸ்கள் இப்போது கோயம்பேடு போவதில்லை, வண்டலூர் பக்கமுள்ள கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு சரி. உங்களுக்கு அது வசதிதான், வண்டலூர் கேளம்பாக்கம் சாலை பக்கத்திலேயே பிரிகிறது. ரயிலில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குங்கள். தீபாவளி, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமென்றால் 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்கே போனும் கையுமாக உட்கார வேண்டும். முன்பு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள்.

நான் சொல்வது இது: தம்பி மட்டும் முதலில் போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். தை பிறந்த பிறகு அம்மாவைக் கூட்டிப்போங்கள்.