பூச்சிப் பெட்டிக்குப் பெரிய காண்டாமிருக வண்டு எங்கே கிடைக்கும்?

கேள்வி: கதிர், வேளாண் மாணவர்

வணக்கம். இளநிலை வேளாண்மை இரண்டாம் ஆண்டு. பூச்சிப் பெட்டி ஒப்படைக்க வேண்டும். தட்டான், வெட்டுக்கிளி, பொறிவண்டு எல்லாம் சேர்ந்துவிட்டன. நீளக் கொம்புள்ள ஆண் காண்டாமிருக வண்டு ஒன்று நடுவில் இருந்தால் பெட்டிக்கே தனிக் களை வந்துவிடும். விடுதி வாசல் விளக்கடியில் இரவில் தேடியும் சிறு பழுப்பு வண்டுகள்தான் சிக்குகின்றன. விடுமுறையில் நண்பர்களோடு வால்பாறைக் காட்டுப் பக்கம் போகலாமா?

பதில்: பேராவூரணித் தோப்புக்காரர்

தம்பி, வால்பாறைக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் தென்னையைத் துளைக்கும் இந்த வண்டை ஒழிக்கப் பணத்தைக் கொட்டுகிறோம். நீங்கள் பஸ் ஏறிப்போய்த் தேடுகிறேன் என்கிறீர்கள்!

தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். விரிந்த மட்டையில் கீற்றுகள் கத்தரிக்கோல் போட்டதுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் வண்டு வந்த மரம். ஆனால் அது பழைய தடயம். மூடியிருந்த குருத்தை வண்டு என்றோ துளைத்தது; குருத்து விரிந்த பிறகுதான் வெட்டு நம் கண்ணுக்குத் தெரியும். அதை நம்பி மரமேறினால் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.

இப்போது உள்ளே இருக்கிறதா என்பதைத் துளைவாய் சொல்லும். நடுக்குருத்தின் அடியில், மட்டை இடுக்கில் பாருங்கள். மென்று தள்ளிய நார்ச்சக்கை வெளியே பிதுங்கி நிற்கும். தொட்டால் ஈரமாக, வெளுப்பாக இருந்தால் ஆள் உள்ளேதான். காய்ந்து பழுப்பேறியிருந்தால் கிளம்பிவிட்டது. ஆள் உயரத் தென்னம்பிள்ளை என்றால் நின்றபடியே பார்த்துவிடலாம்.

ஒரு சிக்கல். நாங்கள் கொக்கிக் கம்பியை விட்டுக் குத்தித்தான் இழுக்கிறோம். வண்டின் முதுகில் ஓட்டை விழுந்துவிடும். மரத்துக்கு நல்லது, உங்கள் பெட்டிக்கு ஆகாது.

ஆகவே எருக்குழிக்குப் போங்கள், இல்லாவிட்டால் மட்கிய தென்னங்கட்டையைத் தேடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை எல்லாராலும் உடனே அப்புறப்படுத்த முடியவில்லை. கிடந்து மட்கிய கட்டைகள் வண்டுக்குப் பிரசவ அறையாகிவிட்டன. நிவாரணக் கணக்கில் இந்தச் சேதத்துக்கு யார் இடம் வைத்தார்கள்? கட்டையைப் பிளந்தால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப்புழு சுருண்டு கிடக்கும். பக்கத்திலேயே நார்த்தூளும் மண்ணும் கலந்த கூட்டுக்குள் கூட்டுப்புழு. ஆணாக இருந்தால் அப்போதே கொம்பு தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கூட்டைவிட்டு இன்னும் வெளியேறாத புது வண்டு கிடைக்கும். கொம்பு, முன்காலின் பற்கள் எதுவும் தேய்ந்திருக்காது.

கையில் எடுத்தால் கீச்சிடும். பயப்பட வேண்டாம், கடிக்காது. கால் முள் மட்டும் தோலைப் பிராண்டும். விரலைக் கவ்விக்கொண்டால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், கால் முறிந்துவிடும். அப்புறம் நொண்டி வண்டைத்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தோப்புக்காரர் சொன்னதே சரி. வாளியில் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறியிலும், அதாவது வாசனை காட்டி இழுக்கும் பொறியிலும், வண்டு விழும். ஆனால் அந்த வாசனை ஆண் வண்டு வெளியிடுவது. பெண்களே கூடுதலாக வரும். உங்களுக்குத் தேவை ஆண். கொம்பு நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பின்முனையைத் திருப்பிப் பாருங்கள். செம்பழுப்பு முடி அடர்ந்திருந்தால் பெண்.

காட்டு யோசனையைக் கைவிடுங்கள். அனுமதியில்லாமல் அங்கே பூச்சி பிடித்தால் வழக்கு வரும். 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா தேசியப் பூங்காவில் பூச்சி சேகரித்ததற்காகச் செக் நாட்டவர் இருவர் கைதானார்கள். அதில் ஒருவர் பெயர்பெற்ற பூச்சியியலாளர்.

உயிருடன் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் வேண்டாம். 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு சமோவா தீவில் இறங்கியது. பிறகு பசிபிக் தீவுகளின் தென்னைக்கே வினையாக முடிந்தது.

பதில்: ஈப்போவிலிருந்து

எங்கள் மலேசியாவின் கேமரன் மலையில் மூன்று கொம்புள்ள பெரிய வண்டு உண்டு. சில ஆண் வண்டுகள் 10 சென்டிமீட்டரையும் தாண்டும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அதைப் பார்த்த கண்ணுக்குத் தென்னை வண்டு குழந்தைதான். கடைகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

கதிர்

நன்றி ஐயா, அண்ணா. வால்பாறை ரத்து. பிடித்த வண்டைக் கெடாமல் பெட்டியில் எப்படி ஊசி குத்தி வைப்பது?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

ஃபிரிட்ஜின் உறைபகுதியில் இரண்டு இரவு வையுங்கள். எடுத்துக் கால்கள் இளகியதும் முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேலிறக்கைகளில் வலது பக்கத்ததன் மேற்பகுதியில் ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். நடுவில் குத்தினால் இறக்கைகள் பிளக்கும். கால்களைச் சீராக விரித்து, சுற்றிலும் ஊசி நட்டு உலரவிடுங்கள். பருத்த உடம்பு, மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டுப் பெட்டியில் வைத்தால் நாறும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி மூலையில் அந்துருண்டை அவசியம்.

பேராவூரணித் தோப்புக்காரர்

தம்பி, மழை விட்டதும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எருக்குழியைக் கிளறிப் புழு பொறுக்க எனக்கு ஆள் தேவை. மண்வெட்டி இருக்கிறது, சாப்பாடும் உண்டு. நல்ல ஆண் வண்டு உங்களுக்கு, புழுக்கள் என் கோழிகளுக்கு.