சீக்கு ஆட்டில் ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள், கொடுக்கலாமா?

மானூர்க் கிடைக்காரன்:

எங்களிடம் 64 செம்மறிகள் இருக்கின்றன. பாதி கீழக்கரிசல் இனம், மீதி கலப்பு. அவற்றோடு கன்னி இன வெள்ளாடுகள் நான்கும் உண்டு. ஐப்பசி மழை விட்ட பத்தாம் நாள் ஒரு பெட்டை மேய்ச்சலில் பின்தங்கியது. முகம் அதைத்து உதடு தொங்கியது. வாயைப் பிளந்து பார்த்தால் ஈறெல்லாம் புண். காலைத் தூக்கித் தூக்கி வைத்ததால், வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வருகிற காணை நோய் என்று நினைத்துக் குளம்பிடுக்கைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. குளம்புக்கு மேலே, மயிர் தொடங்குகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. எட்டு நாளில் 11 ஆடுகள் படுத்துவிட்டன, மூன்று செத்தன. கன்னி ஆடுகள் நான்கும் அதே பட்டியில் கிடந்தும் கொழுகொழுவென்று இருக்கின்றன.

மருந்தக டாக்டர் வந்து ஊசி போட்டார். அவர் சொல்லித்தான் நேற்று இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். என் அப்பாவுக்கு வயது 76. தொரட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டி வாசலில் நின்றுவிட்டார். “நிற்கவே தெம்பில்லாத ஆட்டில் ரத்தத்தையும் உறிஞ்சினால் அது எப்படி எழுந்திருக்கும்?” என்றார். அவர்கள் முகம் கோணாமல் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. நான்கு வருடத்துக்கு முன் வேறொரு இடத்திலிருந்து ஒரு குழு வந்து 20 ஆட்டில் ரத்தம் எடுத்தது. என் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்த ரத்தம் என்ன சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த முறை கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன செய்வார்கள்?

வண்டிமலையான்:

இது அம்மை. பட்டியில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளியுங்கள். ஊசியே வேண்டாம், ரத்தம் எதற்கு? மீதியைச் சீக்கிரம் மேலப்பாளையம் சந்தையில் தள்ளிவிடுங்கள்.

ஊசிக்காரி:

அண்ணாச்சி, மேலே சொன்னதில் வேப்பிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் கட்ட வேண்டாம், நொச்சியோடு சேர்த்து அந்தி நேரத்தில் புகை போடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். சீக்கு ஆட்டைச் சந்தைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவ மேற்படிப்பின்போது இரண்டு வருடம் ஆட்டுக் கழுத்தில் ஊசி குத்தியவள். ஓர் ஆட்டில் எடுப்பது ஐந்து மில்லி, மிஞ்சினால் பத்து. 25 கிலோ ஆட்டின் உடலில் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தாத்தாவிடம் ஒரு தேக்கரண்டியைக் காட்டுங்கள், அதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் குறிகளைப் பார்த்தால் நீலநாக்கு நோயாக இருக்கலாம். குளம்புக்கு மேலே அந்தச் சிவப்புக் கோடு, செம்மறி படுத்து வெள்ளாடு தப்பிப்பது, மழைக்குப் பின் வருவது மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் கண்ணால் பார்த்து நாம் சொல்வது வெறும் ஊகம். அதற்குத்தான் ரத்தம்.

இரண்டு குழாய்களில் எடுப்பார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாது. இந்தக் கிருமி சிவப்பணுக்களை ஒட்டிக்கொண்டே திரிவதால் அவற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஐஸ் பெட்டி. குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் கட்டியாகி மேலே இளமஞ்சளாக சீரம் தெளியும். ஆட்டின் உடல் கிருமியோடு சண்டை போட்ட தடயம் அதில் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆட்டில் மறுபடி எடுத்து, தடயம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். மறுபடியும் வந்துவிட்டார்களே என்று தாத்தா தொரட்டியைத் தூக்கக் கூடாது! தடுப்பூசி முன்பே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தத் தடயமே குழப்பிவிடும்.

இனி புகை. இந்த நோய் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றுவதில்லை. கடுகளவே இருக்கிற ஒரு கடிபூச்சி கொண்டுபோகிறது. சாணமும் சேறும் கலந்த ஈரத்தில் அது பெருகும், அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். பட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. வாய்ப்புண்ணோடு வைக்கோலைக் கடிக்க முடியாது என்பதால் கம்பங்கூழை ஆற்றிப் புகட்டுங்கள். வெயிலில் விடாதீர்கள்.

அந்த நான்கு வருடக் கணக்குக்கு என்னிடமும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் ஓர் அம்மா, வேலைக்குப் போகாமல் அரை நாள் எனக்கு ஆடு பிடித்துக் கொடுத்தார். கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார். என் ஆய்வேட்டில் அவர் ‘மந்தை 7’. அதைப் பார்த்து எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். மந்தை 7-இன் முடிவை அவரிடம் நான் போய்ச் சொல்லவே இல்லை. தேர்வு, வேலை, கல்யாணம் என்று சாக்கு நிறைய இருந்தது. எனவே கொடுங்கள், ஆனால் சும்மா கொடுக்காதீர்கள். குழாயில் ஒட்டும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவை யார், எந்த மாதம் சொல்வார்கள் என்றும் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

பெண்பிள்ளை சரியாகச் சொல்லியிருக்கிறது. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். 1987-இல் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில் ஆடுகள் செத்தன. ஆட்டுக்கொல்லி என்ற வேறொரு நோய் நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். அந்த ஊர் ஆட்டில் எடுத்த கிருமியை வீரியம் குறையப் பழக்கி நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. அதன் பெயரே ‘அரசூர் 87’. அன்று அந்த ஆட்டுக்காரரும் பட்டி வாசலை மறித்திருந்தால்?

நீலநாக்குக்கும் ஐந்து வகைக் கிருமிகளைச் சேர்த்த தடுப்பூசி இருக்கிறது. வகைகள் இருபதுக்கும் மேல் இருப்பதால், எந்த வகை எந்த ஊரில் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சீக்கு வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அடுத்த ஆண்டு ஆவணியிலேயே டாக்டரைப் பிடியுங்கள்.

மானூர்க் கிடைக்காரன்:

இன்று காலை வந்தார்கள். ஐந்தாறு முறை தேக்கரண்டியைக் காட்டியும் அப்பா வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் ஆட்டைப் பிடித்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. “கழுத்தை நெரிக்காதே, தாடையை ஏந்து” என்று தொரட்டியைச் சாத்திவைத்துவிட்டு அவரே முழங்காலில் அணைத்துப் பிடித்தார். எட்டு ஆட்டிலும் அவர்தான் பிடித்தார். எண் ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கொட்டில் சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறார். முடிவு தை மாதத்துக்குள் வரும் என்று அவள் சொன்னாள். வராவிட்டால் சங்கரன்கோவில் ரோட்டில் பஸ் ஏறினால் இராமையன்பட்டி பக்கம்தானே என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

ஊசிக்காரி, அந்த சங்கரன்கோவில் அம்மாவின் ஊர் நினைவிருக்கிறதா? அந்தப் பக்கம் கிடை போட நாங்கள் போவதுண்டு.