மூன்று நாள் டில்லிப் பயணம்: பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

வெள்ளவத்தை அம்மா:
டிசம்பர் விடுமுறையில் டில்லிக்குப் போக எண்ணும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு நவம்பரில், காசிக்குப் போகும் வழியில், ஏழு வயது மகனுடன் அங்கே மூன்று நாட்கள் தங்கினோம். கொழும்பில் அவனுக்கு மாதத்தில் ஓரிரு தடவைதான் தொய்வுக்கு (ஆஸ்துமா) பம்ப் தேவைப்படும். அங்கே இரண்டாம் நாள் இரவு மட்டும் நான்கு தடவை கொடுத்தேன். காலை ஏழு மணிக்கு ஹோட்டல் யன்னலைத் திறந்தால், எதிர்ப்புறத் தெருவிளக்கு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. ஈர விறகு புகைவது போன்ற வாடை அறைக்குள் வந்தது. மாலையில் அவன் முகத்தைத் துடைத்த வெள்ளைக் கைக்குட்டையில், மூக்கின் இருபுறமும் பட்ட இடம் சாம்பல் நிறமாகியிருந்தது. இந்தியா கேட்டைக் கிட்டப் போகும்வரை பார்க்க முடியவில்லை. நவம்பர் முதல் சனவரி வரை சிறு பிள்ளைகளை அங்கே கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கொட்டாஞ்சேனை வாசகர்:
அக்கா, உங்கள் மகன் பட்ட வேதனையை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததை வைத்து எல்லாக் குடும்பங்களையும் தடுப்பது சரியாகப் படவில்லை. அந்த நகரில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். மாசின் கேடு ஆண்டுக்கணக்கில் உடலில் சேருவதே அன்றி மூன்று நாளில் வந்துவிடுவதல்ல. 2017 டிசம்பரில் டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் நடந்த கிரிக்கெட் டெஸ்ட் போட்டியில் நம் வீரர்கள் முகக்கவசம் அணிந்து ஆட்டம் தடைப்பட்டபோதும், இந்தியர்கள் கவசமின்றியே துடுப்பெடுத்தாடினார்கள். கொழும்பின் காற்றும் சுத்தமானதல்ல. 2022 டிசம்பர் 9 அன்று காற்றின் தரம் கெட்டதால் நம் பாடசாலைகளையே மூடினார்கள். எழுபது கடந்த என் அம்மாவுக்குக் கங்கையில் ஒருமுறை மூழ்கி எழ வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது டிசம்பர் கடைசியில் மட்டுமே.

தெஹிவளைத் தாதி:
சுவாச நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், கொட்டாஞ்சேனைத் தம்பியின் கருத்தை நான் மறுக்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில், பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என்ற அளவோடு, ஒரு நாளைக்கு 15 என்ற தனி அளவும் இருக்கிறது. குறுகிய நேரச் சுவாசிப்பும் கேடு செய்யும் என்பதனால்தான் நாளளவு வகுக்கப்பட்டது. இந்தியாவின் சொந்த நாளளவு 60. டில்லியில் நவம்பரில் 250ஐத் தாண்டும் நாட்கள் புதியவையல்ல. அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காகத்தான் 2024 நவம்பரில் பாடசாலைகளை மூடி இணையவழி வகுப்புக்கு மாறினார்கள். நீங்கள் சொன்ன அதே டெஸ்ட் போட்டியில் நம் பந்துவீச்சாளர் லக்மால் மட்டுமல்ல, இந்தியாவின் முகமது ஷமியும் மைதானத்தில் வாந்தி எடுத்தார். 2022இல் நம் வானை மூடிய மாசும் இந்தியப் பக்கத்திலிருந்து காற்றோடு வந்தது என்றே அதிகாரிகள் அன்று விளக்கினார்கள்.

பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்தபின் தாளை எரிக்கும் புகை ஒக்டோபர், நவம்பரில் சேருகிறது. அது ஓய்ந்த பின்னும் வாகனப் புகையும் குளிருக்கு மூட்டும் நெருப்பும் செங்கற் சூளைகளும் ஓய்வதில்லை. காற்று வீசாத குளிர்நாட்களில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்து, புகையை மேலெழ விடாமல் அமுக்கிவிடுகிறது. துணிக் கவசம் இத்துகள்களைத் தடுக்காது. என்-95 (N95) வகைக் கவசம் தடுக்கும், ஆயினும் பெரியவர்களின் முகத்துக்கென்று செய்தது பிள்ளையின் கன்னத்தோடு ஒட்டாமல் ஓரங்களில் இடைவெளி விடும்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
நாளளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தொய்வுள்ள பிள்ளைகளைக் கூட்டிச்செல்வது தவறுதான். அப்படியானால் டில்லியில் தங்காமல் விமானம் மாறி நேரே காசிக்குப் போனால் போதாதா?

தெஹிவளைத் தாதி:
போதாது தம்பி. காசியும் இமயத்தின் அடிவாரத்தில் விரிந்த அதே கங்கைச் சமவெளியில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கும் புகைமூட்டம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இருதய வருத்தமோ இரத்த அழுத்தமோ இருந்தால், அவரையும் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
நாங்கள் ஆகஸ்டில் மறுபடி போகிறோம். பருவமழை அங்கே காற்றைக் கழுவிவிடும் மாதம் அது. வெயிலும் புழுக்கமும் இருக்கும், கொழும்புப் பிள்ளைக்கு அது பழக்கம். புகைக்குள் பாதி மறைந்திருந்த குதுப் மினாரைச் சித்திரக் கொப்பியில் அவன் பாதிதான் வரைந்தான். மேற்பாதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
அம்மாவை வரும் கிழமை வைத்தியரிடம் காட்டுகிறேன். அவர் சம்மதித்தால் டிசம்பரில் அம்மாவும் நானும் மட்டும் போவோம். இளையவனுக்கும் சளி பிடித்தால் நெஞ்சு இழுக்கும் என்பதால், பிள்ளைகள் மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டில் நிற்கட்டும்.