வேலை இடத்தில் நமக்காக வாய் திறந்தவர்கள்

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை)

பத்து நாளாக ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேறு எங்கேயும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாக ஸ்டிச்சிங்கில் இருக்கிறேன். நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஸ்டிச்சிங் லைன் என்றால் பெரும்பாலும் பெண்கள்தான், ஆண் ஒருவன் அங்கே மெஷினில் உட்கார்ந்தாலே பேச்சு வரும். நான் தன்பாலீர்ப்பாளன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் நடையையும் பேச்சையும் வைத்து கட்டிங்கில் இருந்த நாலு பேர் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். கேன்டீன் வரிசையில் அந்தப் பெயர், கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெயர், கடைசியில் லைனுக்கு வெட்டிய துண்டுகளின் பண்டல் கொண்டுவந்து வைக்கும்போதும் அதே பெயர்.

ஒரு நாள் எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா கன்வேயரை நிறுத்திவிட்டார். ஷூ கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு இது என்ன என்று புரியாது. தலைக்கு மேலே போர்டு இருக்கும், மணிக்கு எத்தனை ஜோடி என்று அதில் எழுத வேண்டும், குறைந்தால் சூப்பர்வைசர்தான் பதில் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் லைன் நிற்கும், ஊசி உடைந்து துண்டு கிடைக்காவிட்டால் நிற்கும், மற்றபடி நிற்காது. அக்கா நிறுத்திவிட்டு அந்த நாலு பேரையும் வரவழைத்து, எல்லோர் முன்னாலும், "இவன் பேரு அட்டெண்டன்ஸ்ல என்னன்னு இருக்கு? அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறவன் என் லைன் பக்கம் வரட்டும், மத்தவன் பண்டல் என்கிட்ட குடுத்துட்டுப் போகட்டும், நான் தூக்கிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான். அன்றோடு அந்தப் பெயர் நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் காதுபடச் சொல்வது நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கம்பெனி ஆண்டு விழாவுக்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்களுக்கு உதவியாக இருந்த சக ஊழியர் யார், ஏன், என்று எழுத வேண்டும். அக்கா பெயரை எழுதினேன். ஏன் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. உண்மையை எழுதினால் எச்.ஆரில் படிப்பார்கள், மேடையில் வாசிப்பார்கள், அக்காவைப் பாராட்டுவதற்காக நான் என்னை ஊருக்கே சொன்னதாக ஆகும். வீட்டில் அம்மாவுக்கே தெரியாது. "டார்கெட்டைச் சரியாக முடிப்பவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு விருதும் கிடைத்தது, ஒரு ஹாட் பாக்ஸும் சான்றிதழும். சான்றிதழில் "உற்பத்தித் திறனுக்காக" என்று போட்டிருந்தது. கை தட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி யாராவது இருந்திருப்பார்கள். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.


குடியாத்தம் பொண்ணு

தம்பி, உன் அக்காவுக்கு என் வணக்கம்.

நான் திருநங்கை. வேலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆபீஸ் உதவியாளர் வேலை, ஏழு வருடமாகிறது. சேர்ந்தபோது பழைய பெயரில்தான் சேர்ந்தேன், வேறு வழியில்லை. அப்புறம் திருநங்கை என்று கலெக்டர் கொடுக்கும் சான்றிதழுக்கு மனு போட்டேன். 2019ஆம் வருடத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கென்று ஒரு தேசிய இணையதளம் 2020 நவம்பரில் வந்தது, அதில்தான் விண்ணப்பித்தேன். சான்றிதழ் வந்துவிட்டால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாறாது. ஆதார் தனி, பேங்க் தனி, இ.எஸ்.ஐ. தனி. இதில் பி.எஃப். இருக்கிறதே, அது ஒரு பெரிய மலை. பெயர் திருத்த அப்போது ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது, அதில் நாம் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது, முதலாளி தரப்பும் போட வேண்டியிருந்தது. அதாவது கம்பெனியில் ஒருவர் மனசு வைத்தால்தான் நடக்கும் என்ற நிலை.

மனசு வைத்தவர் எங்கள் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் ஐயா. ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருடம் இருந்தது அவருக்கு. நெற்றி நிறைய விபூதி, பழைய காலத்து ஆள், இவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் அந்த அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். நாலாம் நாள் அவரே, "ஏம்மா, எதுக்கு வந்து வந்து போற" என்றார். அந்த "அம்மா"விலேயே பாதி பயம் போய்விட்டது. காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, பி.எஃப். வர மாசக் கணக்கில் ஆகும், ஐ.டி. கார்டை இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றார். மேலே கேட்க வேண்டாமா சார் என்றேன். "கார்டு நம்ம அடிக்கிறது. அதுக்கு யாரைக் கேக்கணும்?" சாயங்காலம் என் பெயர் போட்ட கார்டு கழுத்தில் இருந்தது. அன்று பஸ்ஸில் குடியாத்தம் போய்ச் சேரும்வரை துப்பட்டாவால் அதை மூடவே இல்லை.

இன்னொன்றும் செய்தார். அந்தச் சட்டத்தின் 11வது பிரிவில், எந்த நிறுவனமானாலும் புகார்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐயா அதை எங்கேயோ படித்துவிட்டு, மேலிடத்தில் பேசி, ஒரு மேடம் பெயரை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நான் கேட்கவே இல்லை. அந்தப் போர்டில் வேலை நேரமும் லீவு பட்டியலும் இருக்கும், பக்கத்தில் எங்களுக்கான ஒரு காகிதம். இரண்டு முறை யாரோ கிழித்துப் போட்டார்கள். இரண்டு முறையும் திரும்ப ஒட்டினார், மூன்றாவது முறை கண்ணாடிக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

அவர் ரிட்டயர் ஆன அன்று எல்லோரும் சால்வை போட்டார்கள். நானும் போட்டேன். தம்பி சொன்னதுபோல, எதற்காகப் போட்டேன் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.


வாலாஜா ரோடு

கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். ஒருவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் கார்டில் அவர் பெயரைப் போடுவதும் சாதாரண மரியாதை. செய்ய வேண்டியதைச் செய்தவருக்கு இவ்வளவு பாராட்டு கொடுத்தால், செய்யாதவன் தன்னிடம் குறை இல்லை என்று நினைத்துக்கொள்ள மாட்டானா? உரிமையைச் சலுகை மாதிரி ஆக்கிவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் திருநர்களின் உரிமையைச் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, தன்பாலின உறவைக் குற்றம் என்று சொன்ன 377வது பிரிவை விட்டு நம்மை வெளியே கொண்டுவந்தார்கள். இன்னும் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு நல்ல மனிதர் கிடைக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.


குடியாத்தம் பொண்ணு

வாலாஜா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கிழித்த காகிதத்தை மூன்றாவது முறை ஒட்டியது அவருடைய வேலை இல்லை. அதற்குத்தான் என் நன்றி.


காட்பாடி ஜங்ஷன்

சொந்த ஊர் காட்பாடி, வேலை சென்னையில், ஐ.டி. விருது என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் உலகத்தில் இதற்கு விருது நிறையவே உண்டு. அமெரிக்காவில் அவுட் அண்ட் ஈக்குவல் என்று ஓர் அமைப்பு, வேலை இடத்தில் சமத்துவத்துக்காக உழைத்த ஆட்களுக்கும் ஊழியர் குழுக்களுக்கும் அவுட்டி விருது கொடுக்கிறார்கள். இந்தியாவில் 2020 முதல் வேலை இடச் சமத்துவக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது, நிறுவனங்களுக்குத் தங்கம் வெள்ளி வெண்கலம் என்று தரம் போடுவார்கள். இதனால் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தங்கம் வேண்டும் என்பதற்காகவே கொள்கையை எழுதி வைக்கிற கம்பெனியைப் பார்த்திருக்கிறேன், எழுதி வைத்தது பிறகு யாருக்காவது உதவும்.

ஆனால் எனக்கு உதவியது என் மேனேஜர் செய்த ஒரு சின்ன வேலை. எங்கள் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸில் என்னோடு வாழ்கிறவரைச் சேர்க்கலாம் என்று விதி இருந்தது, அவரைச் சேர்த்தும் இருந்தேன். 2023 அக்டோபர் 17, தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். மதியத்துக்கு மேல் என்னால் ஸ்கிரீனையே பார்க்க முடியவில்லை, ஏதோ சொல்லிவிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். அரக்கோணம் தாண்டும்போது மேனேஜரிடமிருந்து மெயில். ஆறுதலாக ஒரு வரி கூட இல்லை. அவர் அன்றைக்கே எச்.ஆருக்கு எழுதிக் கேட்டு, பதிலை எனக்கு அனுப்பியிருந்தார்: பாலிசி கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம், தீர்ப்பால் அது மாறாது, பெயர் அப்படியே இருக்கும். என் பயம் என்ன என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரே யோசித்து அதற்குப் பதில் வாங்கி வைத்திருக்கிறார். இன்றைக்கும் அந்த மெயிலை அழிக்கவில்லை.


ஸ்பேனர் (ஆம்பூர் பக்கம்)

நான் திருநம்பி. டூவீலர் மெக்கானிக். எங்கள் கடையில் எச்.ஆர். இல்லை, போர்டு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, முதலாளி பாய் மட்டும்தான் இருக்கிறார். ஒருத்தர் புல்லட்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கையில குடுக்காதீங்க" என்றார். பாய் சாவியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இன்ஜின் அந்தத் தம்பிதான் பாக்கும். வேணாம்னா பைபாஸ்ல வேற கடை இருக்கு." அந்த ஆள் போய்விட்டார். இஞ்சின் இறக்கும் வேலை, நல்ல காசு வந்திருக்கும். பாய் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை, அசருக்குத் தொழப் போய்விட்டார்.


வாணியம்பாடியிலிருந்து ஓர் அக்கா

இதையெல்லாம் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. நீங்கள் சொல்கிற வரிசையில் நான் வர மாட்டேன். எதிர் வரிசை.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பிராஞ்சில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். கணக்கில் கெட்டிக்காரன், மென்மையாகப் பேசுவான், அதுதான் அவன் செய்த தப்பு. மதியம் சாப்பிடும்போது அவனை வைத்துப் பேசிச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. ஆனால் நிறுத்துங்கள் என்றும் சொன்னதில்லை, அப்போது நான் அங்கே சீனியர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவான். நான் பேச மாட்டேனா என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று இப்போது தோன்றுகிறது. எட்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

எனக்கு அன்று தெரியவில்லை, வளர்ந்த விதம் அப்படி, என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். மதுரையிலிருந்து வந்த, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு. இப்படிப்பட்டவர்களை "மாற்றுகிறேன்" என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை போட்ட தீர்ப்பு அதுதான். வழக்கு நடக்கும்போதே, தனக்கு இதில் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு எழுதினார். அதைப் பேப்பரில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரியாது என்றால் கேட்டிருக்கலாமே. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான்.

இப்போது நான் வேறு பிராஞ்சில். மதியச் சாப்பாட்டில் அந்த மாதிரிப் பேச்சு வந்தால் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கும், ஆனாலும் சொல்கிறேன். இதற்கு எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம்.


ஸ்பேனர் (ஆம்பூர் பக்கம்)

அக்கா, எழுதியதற்கு நன்றி. அந்த அண்ணன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.


வாலாஜா ரோடு

நான் முன்னால் எழுதியதில் ஒரு பாதியைத் திருத்திக்கொள்கிறேன். ஒட்டுவதும், சாவியைத் திருப்பிக் கொடுப்பதும், லைனை நிறுத்துவதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்திருக்கிறது. அந்த விலையை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. 2022 மாநகராட்சித் தேர்தலில் வேலூர் 37வது வார்டில் கங்கா நாயக் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு திருநங்கை கவுன்சிலர் ஆனது பெரிய செய்தியாக வந்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாக்குச்சாவடியில் யாரும் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.


பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. குடியாத்தம் அக்கா, அந்தக் கண்ணாடிப் பூட்டை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆற்காட்டில் கால் கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு. அவர் வாசலில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். படிவத்தில் என்ன எழுத நினைத்தேன், ஏன் எழுதவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார் என்பதையும் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் வாய்விட்டு. அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"தெரியும்ப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நாப்பது ஜோடி கம்மியாச்சு, அது இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

அந்த நாற்பது ஜோடிக்கு மேலிடத்தில் என்ன பதில் சொன்னீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"ஊசி உடைஞ்சிடுச்சு, துண்டு தேடினோம்னு சொன்னேன்."