வருடத்துக்கு ₹12 லட்சம்: சிறு அறக்கட்டளை நிதி திரட்டத் திட்டம் போடுவது எப்படி?

மாலைவகுப்பு:
வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று கிராமங்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 200 பேருக்கு மாலை வகுப்பு நடத்தும் அறக்கட்டளை எங்களுடையது. 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு) பதிவு இரண்டும் உண்டு. ஆசிரியர் சம்பளம், சுண்டல், வாடகை, நோட்டு எல்லாம் சேர்த்து வருடச் செலவு ₹12 லட்சம். ஜனவரியில் ஓர் இசை நிகழ்ச்சி, மற்றபடி கேட்ட இடத்தில் கிடைப்பது என்று ஓடுகிறது. நவம்பர் வந்தால் சம்பளத்துக்கே கையைக் கடிக்கிறது. ஏப்ரலிலிருந்து முறையாகச் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

படிக்கணக்கு:
முதலில் ₹12 லட்சத்தை ஆட்களாகப் பிரியுங்கள். ₹1.5 லட்சம் தருபவர் ஒருவர், ₹75,000 இருவர், ₹30,000 ஐந்து பேர், ₹10,000 பதினைந்து பேர், ₹5,000 முப்பது பேர். ஒவ்வொரு படியும் ₹1.5 லட்சம், ஆக ₹7.5 லட்சம். மீதி ₹4.5 லட்சத்துக்கு மாதம் ₹500 தரும் 75 பேர் வேண்டும்.

ஒருவர் தர மூன்று பேரையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், மேல் மூன்று படிக்கு 24 பெயர். அந்த 24 பெயரை நிர்வாகக் குழு உட்கார்ந்து எழுத முடியவில்லை என்றால் இலக்கு எட்டாது என்பது ஏப்ரலிலேயே தெரிந்துவிடும். யார் யாரைப் பார்ப்பது என்பதையும் அன்றே பெயருக்கு நேராக எழுதிவிடுங்கள். "எல்லாரும் சேர்ந்து கேட்போம்" என்று விட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சம்பளச் சிக்கலைத் தீர்ப்பது மாதச் சந்தாதான். ஆனால் 75 பேரும் முதல் மாதமே சேரமாட்டார்கள். மாதம் ஆறு பேர் வீதம் சேர்ந்து, யாரும் விலகாவிட்டால்கூட முதல் வருடம் வருவது ₹2.34 லட்சம்தான். மீதி ₹2.16 லட்சத்துக்கு வேறு வழியை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். பலருடைய திட்டம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

"முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டாம். உங்கள் கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு மாதச் செலவு ₹500. அதையே கேளுங்கள். "சுண்டலுக்கு" என்று கேட்டு வாங்கினால் அதைச் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. கணக்கில் சுண்டல் பணம் தங்கியிருக்கும், ஆசிரியர் சம்பளம் பாக்கி நிற்கும்.

சந்தா மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி தானியங்கிப் பற்று யுபிஐயிலோ வங்கி மூலமோ வைக்கலாம். தேதி 5லிருந்து 7க்குள் இருக்கட்டும். 20ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணமில்லாமல் திரும்பும். வங்கி அதற்குக் கட்டணம் பிடித்தால் கொடுப்பவருக்கு மனக்கசப்பு.

தணிக்கைமேசை:
ரசீது விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ₹2,000க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பணம் வரும் அன்றே பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் வாங்குங்கள். 2025-26 நன்கொடைகளுக்கு, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமான வரித் துறைக்குச் சொல்லும் 10பிடி படிவத்தை 2026 மே 31க்குள் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கான 10பிஇ நன்கொடைச் சான்றிதழை எடுத்துக் கொடுக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹200. பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் அவருக்குக் கழிவு சிக்கலாகும். அடுத்த வருடம் அவரிடம் போய் நிற்பது கஷ்டம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் சரிபார்த்த பிறகு ரசீது புத்தகம் அச்சடியுங்கள்.

உண்டியல் வைத்தால் கவனம். யார் கொடுத்தது என்று பதிவில்லாத பணம், மொத்த நன்கொடையில் 5% அல்லது ₹1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30% வரி. உங்கள் அளவுக்கு ₹1 லட்சம்தான் வரம்பு.

இன்னொன்று: வருமான வரியில் புதிய வரிமுறையில் (நியூ ரெஜிம்) இருப்பவருக்கு 80ஜி கழிவே இல்லை. "மார்ச்சுக்குள் கொடுத்தால் வரி மிச்சம்" என்ற ஒரே பேச்சை நம்பி மார்ச் வரை காத்திருக்காதீர்கள்.

விழாமலர்:
இசை நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம். ஆனால் மண்டபம், ஒலி ஒளி, கலைஞர்கள், அச்சு, சாப்பாடு எல்லாச் செலவும் விழா மலர் விளம்பரத்திலேயே உறுதியான பிறகுதான் தேதி குறியுங்கள். டிக்கெட் பணம் முழுதும் அறக்கட்டளைக்கு வர வேண்டும். விளம்பரப் பணத்துக்கு 80ஜி ரசீது போடக் கூடாது, அது நன்கொடை அல்ல.

பெரிய தொகை கேட்க ஜூன், பள்ளி திறக்கும் நேரம். அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரம். தீபாவளி போனஸ் துணிக்கடைக்குப் போகுமுன் சந்தா கேட்க அதுவே நல்ல சமயம். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் எதுவும் கேட்காமல் ஒரு பக்கக் கடிதம் மட்டும் அனுப்புங்கள்: எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எத்தனை பேர் நின்றார்கள், பணம் எதற்குப் போனது. நின்றவர்கள் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். பணம் வந்து 48 மணி நேரத்துக்குள் ஒருவர் போனில் நன்றி சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போதாது.

மாலைவகுப்பு:
மிக்க நன்றி. 24 பெயர் எழுத உட்கார்ந்தோம், 17 தேறியது. அதில் இருவர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், வாங்கலாமா?

தணிக்கைமேசை:
இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால் அது வெளிநாட்டுப் பணம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.