புதுப்பிப்பு: ஆரல்வாய்மொழிக் காற்று எங்களை என்ன செய்தது?

போன வாரம் கேட்டிருந்தேன்: சென்னை–கன்னியாகுமரி சைக்கிள் பயணத்தில், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரையிலான 80 கி.மீ.யை ஜூன் மாத எதிர்காற்றில் ஒரே நாளில் ஓட்ட முடியுமா என்று. விடியுமுன் கிளம்பச் சொன்னவர்களுக்கு நன்றி. நண்பன் எழுந்ததே ஆறு மணிக்கு.

நாங்குநேரி தாண்டியதும் என் பின்சக்கரம் இறங்கியது. ட்யூபை மாற்றினேன், பத்தே நிமிடத்தில் மறுபடியும் புஸ். அப்புறம்தான் நிதானமாக டயரின் உட்புறத்தை விரலால் தடவினேன். சுருக்கென்று குத்தியது. லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி, மீசை முடி அளவுதான். நகவெட்டியால் பிடித்து இழுத்தோம். நாற்கரச் சாலையின் ஓரத்தில் ஓட்டுபவர்கள் புது ட்யூப் போடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

காவல்கிணறில் சாலை பிரிகிறது. நேரே போனால் கன்னியாகுமரி. நண்பனின் அத்தை வீட்டுச் சாப்பாட்டுக்காக நாகர்கோவில் பக்கம் திரும்பினோம். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன! மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று நேராக முகத்தில் அடித்தது. இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் வருபவருக்குக் காற்றை மறைக்க, பத்து நிமிடத்துக்கு ஒருவர் என முன்னால் மாறி மாறிப் போனோம். அவன் ஒல்லி, பின்னால் ஒளிந்தும் எனக்குப் பெரிய பலன் இல்லை.

ஆரல்வாய்மொழி டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆடியில வந்து பாருங்க மக்கா, இது என்ன காத்து!"

மதியச் சாப்பாட்டுக்கு மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீன்குழம்பு மிச்சமிருந்தது.